ராணி மேரியில் இரண்டு வருஷம்

அய்யலசோமயாஜுல லலிதாவின் பொறியியல் சான்றிதழில் ஒரு அடித்தல் திருத்தல் உண்டு. ஆங்கிலத்தில் ‘அவன்’ என்று அச்சடித்திருந்த இடத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ‘அவள்’ என்று எழுதிக் கொடுத்தார்களாம். கிண்டி பொறியியல் கல்லூரி அதுவரை ஒரு பெண்ணுக்கும் சான்றிதழ் கொடுத்ததில்லை. இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களைப் பற்றி யார் எழுதினாலும் இந்தக் கதை வந்துவிடும். கிண்டிக்காரர்களுக்கு அதில் பெருமை, இருக்கட்டும்.

ஆனால் ராணி மேரி கல்லூரியும் லலிதாவைத் தன் மாணவி என்றுதான் சொல்லிக்கொள்கிறது. மெரினாவுக்கு எதிரே, கலங்கரை விளக்கத்துக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கும் அதே கல்லூரி. நேதாஜி படையின் கேப்டன் லட்சுமியையும் அப்படியே சொல்கிறது. தாவரவியலாளர் ஜானகி அம்மாளையும் சொல்கிறது. மூன்று பேரும் பேர் வாங்கியது வேறு இடத்துப் படிப்பால். லலிதா கிண்டி, லட்சுமி மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி, ஜானகி அம்மாள் மாநிலக் கல்லூரி, அப்புறம் அமெரிக்காவின் மிச்சிகன். லலிதா ராணி மேரியில் முடித்தது இன்டர்மீடியட் மட்டும்தான், இரண்டு வருடப் படிப்பு. அதை வைத்துச் சொந்தம் கொண்டாடுவது கொஞ்சம் அதிகமில்லையா என்று எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. பிறகு அந்த இரண்டு வருடம் என்னவென்று தேடிப் பார்த்தபோது, சொந்தம் கொண்டாட அதிக உரிமை ராணி மேரிக்குத்தான் என்று படுகிறது.

ஏன் என்று புரிய அன்றைய படிப்புமுறை தெரிய வேண்டும். பள்ளிக்கூடம் எஸ்.எஸ்.எல்.சி.யோடு முடிந்துவிடும். அதன்பிறகு இரண்டு வருடம் இன்டர்மீடியட், அதை முடித்தால் இன்னும் இரண்டு வருடத்தில் பி.ஏ. மருத்துவம், பொறியியல் போகிறவர்கள் இன்டர்மீடியட் முடித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்புவார்கள். அதாவது இன்றைய பிளஸ் டூ அன்றைக்குக் கல்லூரிக்குள் இருந்தது. 1950களில் இன்டர்மீடியட் போய் ஒரு வருட பி.யு.சி. வந்தது. தமிழ்நாட்டில் 1978இல் அதுவும் போய், பிளஸ் டூ பள்ளிக்கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது.

இப்போது ஒரு பெண்ணின் வீட்டில் இருந்து இதைப் பார்க்கலாம். பதினைந்து பதினாறு வயதில் பள்ளி முடிகிறது. பெண்கள் பள்ளி என்பதால் அதுவரை வீட்டில் பெரிய சண்டை இல்லை. அடுத்த இரண்டு வருடத்துக்கு அவள் ஆண்கள் நிறைந்த ஒரு கல்லூரிக்குப் போக வேண்டும். படிப்பு நின்றது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்தது 1875இல். மேரி ஷார்லீப் உட்பட நான்கு பேர் அந்த ஆண்டு சேர்ந்தார்கள். உலகத்தின் பெரிய நகரங்கள் பலவற்றில் அப்போது அந்தக் கதவு மூடித்தான் இருந்தது. ஆனால் கதவைத் திறந்து வைத்தும், அதுவரை ஏறி வருவதற்குப் படி இல்லை. முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் படிக்க ராஜாவே அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. எல்லா ஊரிலும் ராஜாவுக்கு எங்கே போவது?

1914 ஜூலையில் அந்தப் படியைத்தான் கட்டினார்கள். கர்னல் ஃபிரான்சிஸ் காப்பரின் பழைய வீடு, நடுவில் ஹோட்டலாகவும் இருந்த கட்டடம், அதில் 37 மாணவிகளோடு கல்லூரி தொடங்கியது. பெயர் மெட்ராஸ் காலேஜ் ஃபார் விமன். 1917இல்தான் ஐந்தாம் ஜார்ஜின் மனைவி பெயரை வைத்தார்கள். முதல் முதல்வர் டோரத்தி டி லா ஹே. 1914இல் வந்தவர் 1936 வரை அந்த நாற்காலியில் இருந்தார். 22 வருடம் ஒரே முதல்வர் என்பது இன்றைய அரசுக் கல்லூரியில் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். காப்பர் ஹவுஸை அடுத்து பென்ட்லண்ட் ஹவுஸ், ஸ்டோன் ஹவுஸ், ஜெய்ப்பூர் ஹவுஸ் என்று கட்டடங்கள் கடலைப் பார்த்தபடி வரிசையாக எழும்பின.

தென்னிந்தியாவில் இதற்கு முன்பே பெண்கள் கல்லூரி இருந்தது. பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரி மூத்தது. சென்னை நகரத்துக்கு இதுதான் முதல். இன்னொரு வித்தியாசமும் உண்டு: இது மிஷன் கல்லூரி இல்லை, அரசுக் கல்லூரி. பிள்ளையை மதம் மாற்றிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்த குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். அடுத்த வருடமே, 1915இல், மிஷனரிகளும் தங்கள் கல்லூரியைத் தொடங்கிவிட்டார்கள். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி, எல்லோர் வாயிலும் டபிள்யூ.சி.சி. கீழ்ப்பாக்கத்தில் ஹைட் பார்க் என்ற பங்களாவில் 41 மாணவிகள். முதல்வர் எலினார் மெக்டூகல். மறு வருடம் நுங்கம்பாக்கத்தில் டவ்டன் ஹவுஸுக்கு மாறினார்கள், இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ராணி மேரியின் முன்னாள் மாணவிகள் பட்டியலைப் பார்த்தால் மலையாளப் பெயரும் தெலுங்குப் பெயரும் நிறையக் கண்ணில் படும். சென்னைக் கல்லூரியில் தமிழ்ப் பெண்கள் எங்கே போனார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. அன்றைய மெட்ராஸ் மாகாணம் மலபாரில் இருந்து ஒடிசாவின் எல்லை வரை விரிந்து கிடந்தது. ஜானகி அம்மாளின் தலச்சேரியும் அதற்குள்தான். அவ்வளவு பெரிய மாகாணத்தின் தலைநகரில் அரசு நடத்திய பெண்கள் கல்லூரி, கூடவே விடுதி. ரயிலேறி வருபவர்கள் எல்லோரும் வந்து இறங்கிய இடம் இது.

எடவலத் கக்கட் ஜானகி பிறந்தது 1897இல். அப்பா தலச்சேரியில் சப் ஜட்ஜ். பறவைகளிலும் செடிகொடிகளிலும் ஆர்வம் உள்ளவர், பறவைகளைப் பற்றிக் குறிப்பு எழுதி வைக்கிற மனிதர். அவருக்கு இரண்டு மனைவிகள், மொத்தம் 19 பிள்ளைகள். அந்தக் கூட்டத்தில் ஜானகியின் அக்காமார்களுக்கு ஒவ்வொன்றாகக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. ஜானகி படிக்கிறேன் என்று சென்னைக்கு வண்டி ஏறினார். ராணி மேரியில் இளங்கலை, பிறகு மாநிலக் கல்லூரியில் 1921இல் தாவரவியல் ஆனர்ஸ். கல்லூரி தொடங்கியதே 1914 என்பதால் அதன் முதல் சில அணிகளில் ஒருவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆனர்ஸ் முடித்த பெண் என்ன வேலைக்குப் போவாள்? இங்கேதான் பெண்கள் கல்லூரியின் இன்னொரு உபயோகம். ஜானகி அம்மாள் டபிள்யூ.சி.சி.யில் பாடம் நடத்தப் போனார். பல வருடம் கழித்து, மாநிலக் கல்லூரியில் இயற்பியல் முடித்த, பின்னாளில் வானிலை விஞ்ஞானியான அன்னா மணியும் அதே டபிள்யூ.சி.சி.யில் ஒரு வருடம் பாடம் நடத்திவிட்டுத்தான் பெங்களூருக்கு, இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார். பெண்கள் கல்லூரி படிக்க வைத்தது ஒரு பக்கம். படித்து முடித்தவளுக்குச் சம்பளம் கொடுத்து, ஒரு அறையும் கொடுத்து, அடுத்த வண்டி வரும்வரை காத்திருக்க இடம் கொடுத்தது இன்னொரு பக்கம். கல்யாணம்தானே அடுத்து என்று கேட்பவர்களுக்குச் சொல்ல, “வேலையில் இருக்கிறேன்” என்று ஒரு பதில் கையில் இருந்தது.

ஜானகி அம்மாளுக்கு வந்த வண்டி மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பார்பர் உதவித்தொகை. ஆசியப் பெண்களுக்கென்றே வைத்திருந்தது. 1931இல் அங்கேயே அறிவியல் முனைவர் பட்டம். திரும்பி வந்து கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை. நாம் சாறு பிழியும் கரும்பும் ஆற்றங்கரையில் தானாக வளரும் நாணல் வகைக் காட்டுக் கரும்பும் உறவுக்காரர்கள். இனிப்புக் கரும்பு வெளியூர்ச் சரக்கு. காட்டுக் கரும்பில் இனிப்பு இல்லை, ஆனால் இந்த மண்ணையும் நோயையும் தாங்கும். இரண்டையும் கலந்துதான் கோவையில் புது ரகங்களை உருவாக்கினார்கள். அந்தக் கலப்பின் உள்விவகாரம், எந்தச் செடியின் செல்லில் எத்தனை குரோமோசோம், எதை எதோடு சேர்த்தால் பிடிக்கும் என்பதுதான் ஜானகி அம்மாளின் வேலை. கரும்பையும் மக்காச்சோளத்தையும் கூடக் கலந்து பார்த்தார்.

பிறகு இங்கிலாந்து. ஜான் இன்னஸ் நிலையம், அங்கிருந்து விஸ்லி தோட்டம். 1945இல் சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்ச்செடிகளின் குரோமோசோம் அட்டவணை நூலைக் கொண்டுவந்தார். விஸ்லியில் அவர் ஆராய்ந்த மக்னோலியா மரங்களில் ஒரு வகைக்கு இன்றும் அவர் பெயர்தான். வசந்தத்தில் வெள்ளை வெளேரென்று பூக்கும். 1951இல் நேரு அழைத்து ஊர் திரும்பினார், இந்தியத் தாவரவியல் அளவைத் துறையைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு. 1977இல் பத்மஸ்ரீ. கடைசிக் காலத்தில் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காப்பாற்றக் குரல் கொடுத்தார்.

இதில் எனக்குப் பிடித்தது கடைசிப் பகுதி. ஓய்வுக்குப் பின் அவர் சென்னைக்கே வந்தார். மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வகத்தில், மூலிகைச் செடிகளோடு வேலை செய்துகொண்டே இருந்தார். 1984 பிப்ரவரியில் அங்கேதான் காலமானார். மதுரவாயல் என்றால் நமக்கு மேம்பாலமும் டோல்கேட்டும்தான் ஞாபகம் வரும். அந்தப் பக்கம் போகும்போது இதையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

லட்சுமிக்கு வருவோம். கல்லூரி திறந்தது 1914 ஜூலை, லட்சுமி சுவாமிநாதன் பிறந்தது அதே வருடம் அக்டோபர். இரண்டுமே சென்னையில். அப்பா பிரபல கிரிமினல் வக்கீல், அம்மா அம்மு சுவாமிநாதன் பின்னாளில் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். ராணி மேரியில் படித்துவிட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1938இல் எம்.பி.பி.எஸ். முடித்தார். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் டாக்டர். இப்போது அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, ஆனாலும் பழைய ஆட்களுக்கு இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான். முகத்திரை போட்ட பெண்கள் ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டார்கள் என்பதற்காகவே வந்த ஆஸ்பத்திரி அது. பெண்களுக்கென்று ஒரு கல்லூரி, பெண்களுக்கென்று ஒரு ஆஸ்பத்திரி, இரண்டும் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரே நடையில். 1940இல் அவர் சிங்கப்பூர் போனார். 1943இல் நேதாஜி வந்தார், ஜான்சி ராணிப் படை உருவானது, மீதிக் கதை எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி பலரும் கடந்து போவது கான்பூர் வாழ்க்கையை. கேப்டனாக இருந்தது இரண்டு வருடம் என்றால், கான்பூரில் ஏழைகளுக்குப் பிரசவம் பார்த்தது பல பத்தாண்டுகள். 2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்றபோது வயது 87. 2012இல் இறந்தபோது உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

லலிதாவின் கதை இன்னும் நெருக்கமானது. பிறந்தது 1919. பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில் கணவர் இறந்துவிட்டார், கையில் நான்கு மாதக் குழந்தை. அந்தக் காலத்துத் தெலுங்குப் பிராமணக் குடும்பத்தில் இதற்கு மேல் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். லலிதாவுக்கு அது நடக்கவில்லை. பிறந்த வீட்டுக்கு வந்தார், ராணி மேரியில் சேர்ந்தார், இன்டர்மீடியட்டில் முதல் வகுப்பு. டாக்டருக்குப் படிக்கலாம், ஆனால் நடுராத்திரி அழைப்பு வந்தால் குழந்தையை யாரிடம் விடுவது? நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வரும் வேலையாக வேண்டும் என்று பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். வேலைக்குப் போகும் எந்த அம்மாவும் இன்றைக்கும் போடும் கணக்குதான் அது.

அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். அவர் போய் முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார். சாக்கோ சரி என்றார், பொதுக் கல்வி இயக்குநர் ஸ்டேத்தமும் சரி என்றார். 1940இல் லலிதா கிண்டியில் சேர்ந்தார். நூற்றுக்கணக்கான ஆண்கள் நடுவில் ஒரே பெண். விடுதியில் தனியாக இருக்க முடியவில்லை என்றதும் துணைக்கு வேறு பெண்களையும் சேர்க்கலாம் என்று அறிவிப்புச் செய்தார்கள். லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் அப்படித்தான் சிவில் பிரிவுக்கு வந்தார்கள். திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறைக்குத் தலைமைப் பொறியாளர் ஆனார். லலிதா கொல்கத்தாவில் வேலை பார்த்தார், பக்ரா நங்கல் அணையின் மின்சார இயந்திரங்கள் சம்பந்தப்பட்ட வேலையிலும் அவர் கை உண்டு. 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டுக்குப் போய் வந்தார்.

கிண்டியில் லலிதா சேர்ந்ததற்குக் காரணம் அப்பாவின் செல்வாக்கு என்று சொல்லி முடித்துவிடலாம், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் சாக்கோ முன்னால் அப்பா பேசும்போது கையில் காட்ட ஏதாவது வேண்டும். அந்த முதல் வகுப்பு மார்க் இல்லாவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். பதினெட்டு வயது விதவையை எந்தக் கல்லூரிக்கு அனுப்ப முடியும் என்று அந்த வீடு யோசித்திருந்தால், மிகவும் தயங்காமல் அனுப்பக்கூடியதாக இருந்தது ராணி மேரிதான்.

விதவை என்றதும் அதே கடற்கரைச் சாலையில் இன்னொரு கட்டடத்தைச் சொல்ல வேண்டும். இப்போது விவேகானந்தர் இல்லம், பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளை வைத்திருந்த இடம். சகோதரி சுப்பலட்சுமி தன் விதவைப் பெண்கள் இல்லத்தை அங்கேதான் நடத்தினார். அவரே பால விதவை. ராணி மேரி தொடங்குவதற்கு மூன்று வருடம் முன்பு, 1911இல், மாநிலக் கல்லூரியில் ஆண்களோடு உட்கார்ந்து பட்டம் வாங்கியவர். அந்த இல்லத்தில் இருந்து ராணி மேரி, கடல் காற்று வாங்கிக்கொண்டே நடந்து போகும் தூரம். 1922இல் அவர் பக்கத்திலேயே லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியையும் கொண்டுவந்தார். இல்லம், கல்லூரி, பயிற்சிப் பள்ளி என்று மூன்றும் ஒரே சாலையில் ஒன்றுக்கொன்று கை கொடுத்தன. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டும். மற்ற சாதிகளில் விதவைகளே இல்லாதது மாதிரி. முதல் முப்பது வருடப் பட்டியலில் சப் ஜட்ஜ் மகள், வக்கீல் மகள், பேராசிரியர் மகள் என்றே வருவதும் தற்செயல் இல்லை.

படி ஏறிய பிறகும் அடுத்த கதவுக்கு ஒரு ஆணின் ஜாமீன் தேவைப்பட்டது என்பதற்கு டபிள்யூ.சி.சி.யில் இருந்து ஒரு ஆள். கடம்பி மீனாட்சி. 1905இல் பிறந்தவர், சின்ன வயதிலேயே அப்பா இல்லை. 1929இல் டபிள்யூ.சி.சி.யில் வரலாற்றில் பட்டம் வாங்கினார். முதுகலைக்கு மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டால், பெண் என்று சொல்லி முதலில் மறுத்துவிட்டார்கள். அங்கே ஆசிரியராக இருந்த அண்ணன், தங்கைக்கு நான் பொறுப்பு என்று நின்ற பிறகுதான் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு நீலகண்ட சாஸ்திரியிடம் ஆராய்ச்சி. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண் ஆனார். பல்லவர் ஆட்சியையும் சமூக வாழ்க்கையையும் பற்றிய அவருடைய ஆய்வை 1938இல் பல்கலைக்கழகமே புத்தகமாகப் போட்டது.

காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? பட்டுச்சேலை எடுக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள். கருவறையைச் சுற்றிய திருச்சுற்று மண்டபத்தில் சுவர் முழுக்க வரிசை வரிசையாகச் சிற்பப் பலகைகள். பல்லவ வம்சத்தின் கதை, நந்திவர்ம பல்லவமல்லன் முடிசூடியது வரைக்கும், இன்றைய படக்கதை மாதிரி கட்டம் கட்டமாக ஓடும். மணற்கல், அங்கங்கே உப்பிப் பொரிந்து முகங்கள் கரைந்துவிட்டன. இது யார், இது எந்தப் போர், யானை மேல் வருவது யார் என்று கல்வெட்டோடும் செப்பேட்டோடும் வைத்துப் பொருத்திப் படித்தவர் மீனாட்சி. அந்த நூல் 1941இல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தபோது அவர் இல்லை. பெங்களூர் மகாராணி கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களிலேயே, 1940 மார்ச்சில், 34 வயதில் இறந்துவிட்டார். முன்னாள் மாணவிகளில் யாரையாவது ஒருவரைப் பற்றி மட்டும் எழுது என்று என்னிடம் சொன்னால் நான் இவரைத்தான் எடுப்பேன்.

டபிள்யூ.சி.சி.யில் படித்த இன்னொருவர் தினமும் நம் வாயில் வருகிறார், யாரென்று தெரியாமலே. எழும்பூர் மார்ஷல் ரோடு, இப்போது ருக்மணி லட்சுமிபதி சாலை. 1930 வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை போனவர், 1946இல் மெட்ராஸ் மாகாணத்தின் முதல் பெண் அமைச்சர். ஆட்டோக்காரரிடம் கேட்டால் இன்னும் மார்ஷல் ரோடுதான்.

ராணி மேரியின் சாரா சாக்கோ வேறு திசையில் போனவர். லக்னோ இசபெல்லா தோபர்ன் கல்லூரிக்கு முதல்வரானார். 1951இல் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தலைவர்களில் ஒருவரானார், அந்தப் பதவியில் முதல் பெண். 1954இல் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்து இறந்தார்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த கல்லூரிகளின் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். ஸ்டெல்லா மாரிஸ் 1947 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கியது, 32 மாணவிகள். எத்திராஜ் 1948இல், 98 மாணவிகள். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதருக்கும் கலைவாணருக்கும் வாதாடிய பாரிஸ்டர் எத்திராஜ் தன் சொந்தச் சம்பாத்தியத்தைக் கொட்டி ஆரம்பித்த கல்லூரி. ஜெயந்தி நடராஜன், கனிமொழி என்று அரசியல் பெயர்கள் எத்திராஜில் வரும். அந்த நேரத்தில் ஒரு பெண் பட்டம் வாங்குவது செய்தியாக இருப்பது நின்றுவிட்டது, பட்டத்துக்குப் பின் என்ன செய்தாள் என்பதுதான் செய்தி. ஸ்டெல்லா மாரிஸில் 1964இல் இடம் கிடைத்தும் படிப்பைத் தொடராமல் சினிமாவுக்குப் போன ஜெயலலிதாவைச் சிலர் அந்தக் கல்லூரிக் கணக்கில் சேர்க்கிறார்கள். இரண்டு வருடம் படித்த லலிதாவைச் சேர்த்தால் தப்பு என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ.

அதே ஜெயலலிதா முதல்வராக இருந்தபோதுதான், 2003இல், ராணி மேரி கல்லூரி இருக்கும் இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டப் போவதாக அறிவிப்பு வந்தது. மாணவிகள் வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஏப்ரல் வெயில், பரீட்சை நேரம். கல்லூரிக்குள் போன மு.க. ஸ்டாலின் கைது செய்யப்பட்டார். பேரன் பேத்தி எடுத்த பழைய மாணவிகள் எல்லாம் வந்து குரல் கொடுத்தார்கள். கடைசியில் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அன்றைக்கு அங்கே நின்றவர்களில் எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாதவர்கள்தான் அதிகம்: மாநிலம் முழுக்கப் பள்ளிக்கூடங்களில் கணக்கும் தமிழும் பூகோளமும் நடத்தி ஓய்வு பெற்ற டீச்சர்கள். அந்தக் கல்லூரி அதிகம் உருவாக்கியதும் அவர்களைத்தான்.

என் பெரியம்மாவும் ராணி மேரிதான். அவர் அப்படிச் சொல்ல மாட்டார், “குயின் மேரீஸ்” என்பார். ராணி மேரி என்பது அரசாணையில் மட்டும்தான், பஸ்ஸில் கண்டக்டர் கூடக் குயின் மேரீஸ் என்றுதான் குரல் கொடுப்பார் என்பது அவர் வாதம். 1960களில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் இருந்து வந்து விடுதியில் தங்கி பி.யு.சி. படித்தார். பாடத்தை விட அவருக்குக் காற்றுதான் ஞாபகம். காலையில் எண்ணெய் வைத்துப் பின்னினால் மூன்றாவது பீரியடுக்குள் தலை பிசுபிசுத்துவிடுமாம். டிரங்குப் பெட்டியின் பூட்டு ஆறே மாதத்தில் துருப்பிடித்துத் திறக்காமல் போய், சாவி போடும் இடத்தில் தேங்காய் எண்ணெய் விட்டு விட்டுத் திறப்பார்களாம். பி.யு.சி.யில் நல்ல மார்க். அதோடு ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

இந்தக் கட்டுரைக்காகப் பேசும்போது, உங்கள் பெயரையும் முன்னாள் மாணவிகள் வரிசையில் போட்டுவிடவா என்று விளையாட்டாகக் கேட்டேன்.

“போடா, ஒரு வருஷப் படிப்பு.”

“லலிதாவும் இரண்டு வருஷம்தான் பெரியம்மா படிச்சாங்க. அப்புறம்தான் கிண்டி.”

பெரியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். “அவளுக்கு அப்பா கிண்டியிலேயே இருந்தார்டா” என்றார். “எங்கப்பா ரிசல்ட் வர்றதுக்கு முந்தியே ஜாதகத்தைக் கையில எடுத்துட்டாரு.”